ஆனந்தவிளை ஊர்ப் பக்கத்தில் விழுந்தவர்கள்

ஆனந்தவிளையிலிருந்து வெளிநாடு போனவர்கள் ஊர்ப் படங்களுக்குள் வந்து விழ ஆரம்பித்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஆனால் முதலில் விழுந்தவன் எபநேசர் என்பதிலும், விழும்போது அவன் வாயில் பல் விளக்குகிற பிரஷ் இருந்தது என்பதிலும் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது.

அது அசனத்துப் படம். அறுப்பின் பண்டிகை முடிந்த கையோடு வேதக்கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, ஊர் மொத்தமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுவதைத்தான் அந்தப் பக்கத்தில் அசனம் என்பார்கள். கண்ணாடிக் கடை அருமைநாயகம் அந்தச் சோற்றுக் குவியலையும் அண்டாக்களையும் அகப்பை பிடித்து வேர்த்துப்போன ஆட்களையும் படம் எடுத்து, 'ஆனந்தவிளை ஊர்ப் பக்கம்' என்று தான் நடத்திவந்த வலைத்தளத்தில் சாயங்காலம் ஏற்றினான். மறுநாள் பார்த்தால் அண்டாவுக்கும் உப்புச் சாக்குக்கும் நடுவில், கத்தாரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய எபநேசர், கோடுபோட்ட கைலியும் தோளில் துண்டுமாக, பிரஷ்ஷைக் கடித்தபடி சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அருமைநாயகம் அவன் அம்மா ஞானசவுந்தரியைக் கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கம்ப்யூட்டர் திரையை முந்தானையால் ஒருதரம் துடைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"எளச்சிட்டான்," என்றாள். "அங்க போயும் பல்லு வெளக்கிக்கிட்டே சுத்துத பழக்கத்த இந்தப் பய விடல, பாத்தியா."

அவ்வளவுதான். போன் போட்டுக் கேட்டபோது, ஆமாம், எழுந்ததும் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், குழம்பு வாசனைகூட அடித்த மாதிரி இருந்தது, அப்புறம் வண்டி வந்துவிட்டது, போய்விட்டேன் என்று எபநேசரும் சாதாரணமாகத்தான் சொன்னான். ஏங்கிப்போய்ப் பார்க்கிறவன் படத்தில் விழுகிறான், இதில் என்ன அதிசயம் இருக்கிறது என்று ஊர் அதை எடுத்துக்கொண்டது. உள்ளூர் இளவட்டங்கள் நாலைந்து பேர் கண்ணில் தண்ணீர் வழிய வழிய அதே படத்தை முறைத்துப் பார்த்தும் ஒருத்தன்கூட விழவில்லை. ஊரிலே இருக்கிறவனுக்கு இது வாய்க்காது, தூரத்தில் கிடக்கிறவனுக்கு மட்டும்தான் என்று அத்தோடு தீர்மானமாகிவிட்டது.

இந்த அருமைநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஜாரில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வட்டமாக வருகிற கண்ணாடிச் சில்லை, ஃபிரேமுக்கு எது வேண்டுமோ அதை மட்டும் விட்டு மிச்சத்தை உரசித் தள்ளுவது அவன் பிழைப்பு. வலைத்தளம் கட்டுவது பிழைப்பு இல்லை, பித்து. யாரும் சொல்லிக் கொடுக்காமல், தப்புத் தப்பாகச் செய்து பார்த்துச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டவன், கற்றுக்கொண்ட நாளிலிருந்தே அதில் யாருக்கும் அசையாத கொள்கைக்காரனாகவும் ஆகிவிட்டான். பக்கம் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். எழுத்து ஓடக் கூடாது, மினுங்கக் கூடாது, திறந்ததும் தானாகப் பாட்டுப் படிக்கவே கூடாது. படங்கள் எல்லாம் ஒரே அளவுச் சதுரங்களாக, வரிசை பிசகாமல், சலவைக்குப் போய் வந்த துணியை அடுக்கின மாதிரி இருக்க வேண்டும். ஊரில் ஒவ்வொருத்தரும் வந்து, மேலே ஒரு புறா பறக்கட்டும் என்றும், கீழே ஒரு மெழுகுவர்த்தி எரியட்டும் என்றும், திறப்பவர்களுக்கு வணக்கம் சொல்கிற இரண்டு கை வேண்டும் என்றும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"புறா பறந்தா படத்த யாரு பாப்பா? போங்க அந்தால."

படம் எடுத்தது முதலில் அவன் மனைவி சுகிர்தம். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள், கேமராவைக் கையில் எடுத்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் மறந்துவிடும். அவள் எடுத்துத் தருவாள், அவன் நறுக்கிப் பக்கத்தில் வைப்பான், இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு விஷயத்தில் மட்டும்தான் சண்டை. ஒவ்வொரு படத்திலும் இரண்டு பக்கமும் வெட்டித்தானே சதுரமாக்க முடியும், அதை அவளால் தாங்க முடியாது.

"நடுவுல நிக்கவன் படத்துக்காவ நிக்கான்," என்பாள். "ஓரத்துல நிக்கவந்தான் சும்மா நிக்கான். நீங்க அவனத்தான் பாத்துப் பாத்து வெட்டுதிய."

"ஒரு படம் பெருசு, ஒரு படம் சிறுசுன்னு இருந்தா பக்கம் பல்லு போன வாய் கணக்கா இருக்கும்ட்டி."

சிரித்துக்கொண்டே போட்ட சண்டை ஒரு வருஷத்து அசனத்தில் சிரிப்பில்லாமல் போயிற்று. சுகிர்தத்தின் அம்மா, எங்கே போனாலும் ஓரமாகவே ஒதுங்கி நிற்கிற மனுஷி, அந்த வருஷமும் கூட்டத்துக்குக் கடைசியில்தான் நின்றிருந்தாள். அருமைநாயகம் வழக்கம்போல் நறுக்கிவிட்டு, இடத்தை அடைக்கிறதே என்று மூலப் படங்களையும் அழித்துவிட்டான். கொஞ்ச நாளில் அந்த அம்மா இறந்துபோனாள். வீட்டில் மாட்டி வைக்க நல்லதாக ஒரு படம்கூட இல்லை என்று தேடியபோதுதான், கடைசியாக எடுத்தது அந்த அசனத்துப் படம் என்று சுகிர்தத்துக்கு ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால், சதுரத்தின் விளிம்பில் ஒரு முழங்கையும் கொஞ்சம் ஊதா முந்தானையும் இருந்தன.

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. "எங்கம்மய வெட்டிட்டிய," என்று மட்டும் சொன்னாள். பஹ்ரைனில் ஸ்டுடியோ வைத்திருந்த அக்காக்காரி வருஷக்கணக்காகக் கூப்பிட்டு அவள் போகாமல் இருந்த வேலைக்கு அந்த மாசமே புறப்பட்டுப் போனாள். அங்கே நாள் முழுக்கப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாளாம், எல்லாம் ஒரே அளவாம், என்று ஊரில் சிலர் சொல்லிச் சிரித்தார்கள். அருமைநாயகம் போன் செய்தால் அக்கா எடுத்து, நல்லாயிருக்கா என்பாள், அதற்குமேல் பேச்சு ஓடாது. அவன் அவள் விட்டுப்போன கேமராவை எடுத்துத் தானே படம் பிடிக்க ஆரம்பித்தான். ஒரு மாற்றமும் செய்தான், அதை யாரிடமும் சொல்லவில்லை: அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் வெட்டவில்லை. முழுப் படத்தையும் அப்படியே ஏற்றிவிட்டு, பார்க்கிறவர்களுக்கு நடுச் சதுரம் மட்டும் தெரிகிற மாதிரி பக்கத்துக்கு ஒரு கட்டளை எழுதி வைத்தான். ஓரங்கள் எங்கும் போகாமல் மறைவில் இருந்தன. அவளுக்காக அவ்வளவு தூரம் இறங்கி வந்தவனுக்கு, அந்தச் சதுரத்தை விட்டுவிட மட்டும் மனசு வரவில்லை.

அவள் போன பிறகுதான் எபநேசர் படத்தில் விழுந்தது. அப்புறம் வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள். வீட்டுக்கு வந்தவன் வாசலிலா நிற்பான், நடுவீட்டுக்குத்தானே வருவான் என்கிற மாதிரி எல்லோரும் நடுவில் வந்தே விழுந்தார்கள். ஈஸ்டர் ஆராதனைப் படத்தில் பலிபீடத்துக்கு முன்னால் ஒருவன் அரைக்கால் சட்டையோடு விழுந்துவிட, ஊர்ப் பக்கத்தைத் திறக்கும் சகோதரர்கள் தயவுசெய்து முழு உடையில் திறக்க வேண்டும் என்று சபைப் போதகர் ஐயர் கோயிலில் அறிவிப்புக் கொடுத்தார். கனடாக்காரன் ஒருவன் காதுவரை தொப்பி போட்டு, தோளெல்லாம் பனியோடு பங்குனி வெயிலில் வந்து நின்றான், அவன் சித்தி படத்தைப் பார்த்துவிட்டு, பனியைத் துடைக்கக்கூட ஆளில்லாமல் கிடக்கான் என்று அழுதாள். பக்கத்து வீட்டுச் சடங்குக்கு வந்து நின்றவன் சொந்தத் தங்கச்சி சடங்குக்கு வரவில்லை என்று ஒரு வீட்டில் ரொம்ப நாள் போனே பேசவில்லை. கல்யாணங்களில் மேடைப் படம் எடுக்கும்போது வரிசையில் அங்கங்கே ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டு நிற்கிற வழக்கம் அப்போதுதான் வந்தது, இல்லாவிட்டால் வருகிறவன் மாப்பிள்ளை மடியில் அல்லவா விழுவான். "ஏ தள்ளி நில்லு, மாமாவுக்கு எடம் விடு" என்று இல்லாத மாமாவுக்காகப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். பெண்ணோடு ஒரு காலத்தில் பழகினவன் ஒருத்தன் சவூதியில் இருந்து பார்த்து, மணவறைக்குப் பின்னால் கண் கலங்கி விழுந்துவிட்டபோது மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். பெண்ணின் அப்பாதான், வந்தவனை என்ன செய்ய, நிற்கட்டும் என்று பேச்சை முடித்தார்.

ஊருக்கு இது வரமாக இருந்தது, அருமைநாயகத்துக்குத்தான் இது வாதையாக இருந்தது. முன்பெல்லாம் தூரத்தில் இருக்கிறவர்கள் நம்மை நினைக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் காலத்தை ஓட்டிவிடலாம், இப்போது அப்படி முடியாது. நினைத்தவர்கள் காலையில் படத்தில் நின்றார்கள், நிற்காதவர்கள் நினைக்கவில்லை. சுகிர்தம் ஒரு படத்திலும் நிற்கவில்லை.

அவன் தூண்டில் போடுகிற மாதிரி படங்கள் போட்டான். அவளுக்குப் பிடித்த பலாக்கொட்டைக் குழம்பு கொதிக்கிற அடுக்களை. அவள் ஊன்றிவிட்டுப்போன பிச்சிக்கொடி, கூரை வரைக்கும் ஏறினது. மழைக்குப் பின்னால் ஊருக்கு வெளியே தேரி மணல்மேடு சிவந்து கிடக்கிறது. எந்தப் படம் எடுத்தாலும் அவளுடைய பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நட்ட நடுவில் போட்டு, அவள் விழுவதற்கு இடம் பண்ணி எடுத்தான். தேரிக்காட்டுக்கும் அந்த நாற்காலி ஆட்டோவில் போயிற்று. காலையில் கடையைத் திறந்து சாமிப் படத்துக்கு முன்னால் நிற்கிறதற்கு முன்னால் கம்ப்யூட்டர் முன்னால் நிற்பான். நாற்காலி காலியாக இருக்கும். ஒருதரம் எபநேசர் அதில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அருமைநாயகம் அங்கேயே போனைப் போட்டு, எழும்பிப் போலே என்று கத்தினான், கத்திவிட்டு அரைமணி நேரம் ஒரு லென்ஸையே உரசிக்கொண்டிருந்தான், அது ஒன்றுக்கும் ஆகாமல் பொடிந்துபோயிற்று. அவள் வராவிட்டால் போகட்டும். பார்க்கக்கூட இல்லையே என்பதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. பார்த்திருந்தால் விழுந்திருப்பாள், இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லுவார்கள்.

இப்படி வருஷங்கள் ஓடின. அவன் தலை நரைத்தது. பக்கம் மட்டும் வெள்ளையாக, வரிசை பிசகாமல், சதுரம் சதுரமாக நீண்டுகொண்டே போயிற்று.

அப்படி ஒரு நாளில்தான் ராஜபுஷ்பம் டீச்சர் கண்ணாடிக்குக் கால் மாற்ற வந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் ஊதி ஊதிப் பழகின தொண்டை, ரகசியம் சொன்னாலும் பஜார் முழுக்கக் கேட்கும். எதையும் மண்ணாய்ப் போகிறவரைக்கும் மாற்ற மாட்டாள், அந்தக் கண்ணாடியும் அப்படித்தான், கையில் வைத்திருந்த போனும் அப்படித்தான். பொத்தானெல்லாம் தேய்ந்துபோன ஆதிகாலத்துப் போன்.

"நாயகம், பவரும் ஏறியிருக்கும் போல, பாத்துரு," என்றாள். "சுகிர்தம் தலையில நரை இருக்கா, இல்ல என் கண்ணுதான் அப்படிக் காட்டுதான்னு தெரியல."

அவன் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது.

"அவள எங்க பாத்திய டீச்சர்?"

"எங்க பாத்தியன்னு கேக்க. உன் பக்கத்துலதான். எப்பவும் நிக்குத எடத்துலதான் நிக்கா, ஓரத்துல." டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வருஷக்கணக்கா வந்து நிக்கா, நீ அந்தப் பிள்ளயப் பத்தி ஒரு வார்த்த சொல்லணுமே. கோவத்துல இருக்கப் போலன்னு நானும் வாயத் தொறக்கல."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே டீச்சர்."

டீச்சர் போனை அவன் கையில் கொடுத்தாள். அருமைநாயகத்தின் நவீனக் கட்டளை எதுவும் அந்தக் கிழட்டுப் போனுக்குப் புரியாது. சதுரம் என்று அவன் எழுதி வைத்ததை அது காதில் போட்டுக்கொள்ளாமல், எல்லாப் படங்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக, முழுசு முழுசாக இறக்கிக் காட்டியது.

பிச்சிக்கொடிப் படத்தில், நடுவில் காலி நாற்காலி, படத்தின் இடது கோடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுகிர்தம். பலாக்கொட்டைக் குழம்புப் படத்தில், அடுக்களை ஜன்னல் பக்கம், ஸ்டுடியோ அட்டை கழுத்தில் தொங்க, சுகிர்தம். தேரிக்காட்டில், இதோ இப்போது படத்தைவிட்டு வெளியே போய்விடுவாள் போல, ஒற்றைத் தோள் மட்டும் வெளியே போய், சுகிர்தம். கீழே இறக்க இறக்க அவள் இளமையாகிக்கொண்டே போனாள், மேலே ஏற்ற ஏற்ற நரைத்துக்கொண்டே வந்தாள். எபநேசர் பல் விளக்கிக்கொண்டு நின்ற அந்த முதல் அசனத்துப் படத்தில்கூட, அவள் அம்மா எப்போதும் நின்ற கூட்டத்துக் கடைசியில், அம்மாவுடைய ஊதாச் சேலையை உடுத்திக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் முதலில் வந்தவள் அவள்தான். நடுவுக்கு வர அவளுக்கு மனசில்லை, வராமல் இருக்கவும் முடியவில்லை. ஒன்றில்கூட அவள் நாற்காலியைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள், கேமராவுக்குப் பின்னால் நின்றது அவன்தான். ஒவ்வொரு படத்திலும் தன் பக்கத்தில், கல்யாண வரிசையில் ஊர்க்காரர்கள் விடுகிற மாதிரி, ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தாள்.

"வெட்டிட்டேன் டீச்சர்," என்றான் அருமைநாயகம். "இவளயும் வெட்டிட்டேன்." கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுவதை ராஜபுஷ்பம் டீச்சர் அப்போதுதான் பார்த்தாள். கடை வாசலில் நின்ற இரண்டு பேரை, என்ன வேடிக்கை, நடங்க என்று பழைய குரலில் விரட்டிவிட்டு, கால் மாற்றாத கண்ணாடியோடேயே வீட்டுக்குப் போனாள்.

அவன் மத்தியானமே கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தான். சதுரத்துக்காக எழுதின கட்டளை ஒரே ஒரு வரிதான், அதை எடுத்தான். பக்கம் கோணிப்போயிற்று. ஒரு படம் அகலம், ஒரு படம் ஒல்லி, ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி, பல்லுப் போன வாயேதான். வாழ்க்கை முழுக்க அவன் எதற்குப் பயந்தானோ அது கண்முன்னால் கிடந்தது, அவன் அதைச் சரிசெய்யவில்லை.

அன்று சாயங்காலம் ஊர் அலறியடித்துக்கொண்டு ஓரங்களைப் பார்த்தது. ஏனென்றால் ஓரத்தில் நின்றவள் சுகிர்தம் மட்டும் இல்லை. வேற்று மதத்துப் பையனோடு போய்விட்ட ரீனா, இடுப்பில் குழந்தையோடு, தன் அப்பா நிற்கிற ஒவ்வொரு படத்திலும் கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் தோற்று ஓடிப்போய், இருக்கிறானா செத்தானா என்றே தெரியாமல் இருந்த சாமுவேல், தாடியும் மீசையுமாக, கிறிஸ்துமஸ் குடிலுக்கு அப்பால் ஆட்டுக்குட்டிகளுக்குப் பின்னால் நின்றான். நடுவுக்கு வரக் கூசினவர்கள் அத்தனை பேரும் அத்தனை வருஷமாக வந்து வந்து நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ரீனாவின் அப்பா, கடையில் எல்லோருக்கும் முன்னால் நின்று பேத்தியின் மூக்கைத் திரையில் தொட்டுப் பார்த்தார். எங்க அம்மா மூக்கு, என்று யாரிடமோ சொன்னார்.

எல்லோரும் போனபிறகு அருமைநாயகம் அடுக்களைப் படத்தைத் திறந்தான். ஜன்னல் ஓரத்தில் சுகிர்தம் நின்றாள். அந்த அடுக்களைக்கு எழுந்து நடந்தால் அவனுக்குப் பத்து நிமிஷம், தினமும் அங்கேதான் காப்பி போட்டுக் குடிக்கிறான். ஆனாலும் அந்தப் படத்துக்குள் இருந்த அடுக்களைக்கு எந்த வழியாகப் போவது என்று தெரியாமல், கடல் தாண்டிக் கிடக்கிறவனைப் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

காலையில் கடையைத் திறக்கிறதற்குள் வாசலில் கூட்டம். முன்னால் ராஜபுஷ்பம் டீச்சர், ஒரு கையில் ஒற்றைக்கால் கண்ணாடி, மறு கையில் போன். போனில் அடுக்களைப் படம், அதில் ஜன்னல் ஓரத்தில், சுகிர்தம் விட்டிருந்த இடத்தில், அருமைநாயகம் நின்றுகொண்டிருந்தான். நேற்று ராத்திரி உடுத்தியிருந்த அதே நீலக்கட்டம் போட்ட சட்டை, தோளில் லென்ஸ் துடைக்கிற துணி.

"இது எப்படி டீச்சர்?" என்று கேட்டாள் ஞானசவுந்தரி. "ஊர்ல இருக்கவங்க விழமாட்டாங்கள்லா?"

"இவன் எங்கட்டி ஊர்ல இருந்தான்," என்றாள் டீச்சர்.

அருமைநாயகம் போனை வாங்கிப் பார்த்தான். அவள் இப்போது கேமராவைப் பார்க்கவில்லை. அவன் பக்கம் திரும்பியிருந்தாள். கை ஒன்று அவன் சட்டைக் காலருக்கு வந்திருந்தது, வாய் திறந்திருந்தது, புருவம் இரண்டும் ஏறியிருந்தன.

"என்னமோ சொல்லுதா," என்றாள் டீச்சர், போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய். "ஏசுதா போல இருக்கே."

"ஆமா டீச்சர்," என்றான் அருமைநாயகம். "ஏசட்டும்."